சுகர் 268, நெஞ்சில் மூன்று அடைப்பு: ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

மயக்கவியல் மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் பைபாஸ் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சர்க்கரையைப் பற்றித்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் சொன்னது. இதயத்தில் அடைப்போடு வருகிறவர்களை மட்டும் எடுத்தால் கணக்கு இன்னும் எகிறும். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகள்தான். மூட்டுவலிக்காரர்கள் கோபிக்காதீர்கள், உங்களுக்கு அடுத்த மாதம்.

அப்பாவுக்கு வயது 61. ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்றார்கள். மதுரையில் அட்மிஷனுக்குப் போனால் வெறும் வயிற்றில் 268, மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.8 என்று சொல்லி, 'சுகரைக் குறைத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்து வாங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன்மார் இருவரும் 'இழுத்தடிக்கிறாங்க, வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்' என்று குதிக்கிறார்கள். மூன்று வாரத்தில் அப்படி என்ன மாறிவிடும்? அதற்குள் அட்டாக் வந்துவிட்டால்?
(ஒரு மகள், உசிலம்பட்டி)

அண்ணன்மாரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ஆபரேஷனுக்கென்று வந்த ஆளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதில் ஒரு ஆஸ்பத்திரிக்கு என்ன லாபம்? படுக்க வைத்துப் பில் போடுவதுதானே லாபம்? திருப்பி அனுப்பினார்கள் என்றால் யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். வேறு ஊருக்குப் போனாலும் நல்ல டீம் என்றால் இதையேதான் சொல்லும்.

சரி, ஏன் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். பைபாஸில் நெஞ்செலும்பை நடுவில் நெடுக்காக அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் இழுத்துக் கட்டி மூடுகிறோம். அந்த எலும்பு ஒட்டிச் சேர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். எல்லோரும் மேலே தெரிகிற தையலைப் பற்றித்தான் கேட்பார்கள், எங்களுக்குப் பயமெல்லாம் உள்ளே இருக்கிற எலும்பைப் பற்றி. போதாக்குறைக்கு, இதயத்துக்குப் புதுப்பாதை போட நெஞ்செலும்பின் பின்பக்கத்தை ஒட்டி ஓடுகிற மார்புத் தமனியைத்தான் பெரும்பாலும் எடுத்துத் திருப்பி வைக்கிறோம். நீண்ட நாள் உழைக்கிற குழாய் அதுதான், வேறு வழியில்லை, ஆனால் அந்தப் பக்கம் எலும்புக்குப் போகிற ரத்தம் குறைந்துவிடும். இந்த நிலைமையில் ரத்தத்தில் சர்க்கரையும் இருநூறைத் தாண்டியே நின்றால், கிருமியைப் பிடித்துத் தின்ன வேண்டிய வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடும், புது ரத்தநாளம் முளைப்பது தாமதமாகும், புண் ஆறாது. எலும்பு வரைக்கும் சீழ் பிடித்துவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறந்து கழுவ வேண்டும். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம், உயிருக்கும் ஆபத்து.

இது வெறும் பயமுறுத்தல் கிடையாது. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்து மருத்துவர்கள் இதய ஆபரேஷன் செய்துகொண்ட 2,467 சர்க்கரை நோயாளிகளின் கணக்கை 1999-ல் வெளியிட்டார்கள். தோலுக்கடியில் அவ்வப்போது இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நூற்றுக்கு 2 பேருக்கு நெஞ்செலும்பு வரை தொற்று வந்தது. ரத்தக்குழாய் வழியாகத் தொடர்ச்சியாக இன்சுலின் ஏற்றி சுகரைக் கட்டுக்குள் வைக்க ஆரம்பித்த பிறகு அது 0.8 ஆனது. இன்னொன்று, அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்டது. பைபாஸ் செய்துகொண்ட மூவாயிரம் பேருக்கு மேல் பார்த்ததில், மூன்று மாதச் சராசரி 8.6-க்கு மேல் இருந்தவர்களிடம் மரணம் நாலு மடங்கு அதிகமாக இருந்தது. நாலு மடங்கு என்றதும் பதறிவிட வேண்டாம். அவசரமில்லாமல் திட்டமிட்டுச் செய்கிற பைபாஸில் மரணம் என்பதே நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவில்தான். அதோடு, சராசரி 9, 10 என்று இருக்கிறவர்களுக்கு ஏற்கெனவே கிட்னியும் ரத்தக்குழாய்களும் அடிபட்டிருக்கும், மொத்தப் பழியையும் சர்க்கரை தலையில் கட்டவும் முடியாது. தொற்று போக, கிட்னி திடீரென்று சுணங்குவது, பக்கவாதம், வென்டிலேட்டரில் கூடுதல் நாள் இருப்பது என்று மற்ற சிக்கல்களும் இவர்களிடம் கூடுதலாகத்தான் பார்க்கிறோம்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுவிஷயம். மூன்று வாரத்தில் 9.8 எப்படி 7 ஆகும்? ஆகாது. சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது, ஒரு சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் வாழும், பழைய கணக்கு அதில் நின்றுகொண்டேதான் இருக்கும். ஆனால் கடைசி ஒரு மாதத்துக்கு அதில் பாதிப் பங்கு உண்டு, அதனால் ஒரு புள்ளியோ கொஞ்சம் கூடவோ இறங்கலாம். அதைவிட முக்கியம், தினசரி சுகர். இன்சுலினை ஒழுங்காக ஏற்றி இறக்கிப் போட்டால் 268 என்று நிற்கிற காலைச் சுகரை ஒன்று இரண்டு வாரத்தில் 150-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். டாக்டர்கள் கேட்பது அதைத்தான். 'எத்தனைக்கு வந்தால் பாஸ்?' என்று கேட்காதீர்கள், உலகத்துக்கே அதில் ஒரே எண் கிடையாது. அமெரிக்க சர்க்கரை நோய்ச் சங்கம், மூன்று மாதச் சராசரி முடிந்தவரை 8-க்குக் கீழே இருந்தால் நல்லது என்கிறது. பிரிட்டனில் 8.5 வரை ஒப்புக்கொள்கிறார்கள். இதய ஆபரேஷனுக்கென்றே 2019-ல் வந்த ஒரு சர்வதேச வழிகாட்டி 6.5-க்குக் கீழே என்று சொல்லி, நம்மூரில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. என் கணக்கில் அப்பாவின் சராசரி 8.7-க்கு வந்து, தினசரி சுகர் 180-க்குள் நின்று, காய்ச்சல், கால் புண் எதுவும் இல்லையென்றால் தாராளமாக டேபிளில் ஏற்றலாம். முடிவு அவரைப் பார்க்கிற டீமுடையது.

மூன்று வாரத்தை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இன்சுலின் எழுதிக் கொடுத்திருந்தால், பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நம்மூர்க் கடைகளில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் 40 யூனிட் வகை, அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் வகைக்கு ஆரஞ்சு மூடி. 40 வகைப் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சை வாங்கிவந்து, 20 யூனிட் போடுவதாக நினைத்து 8 யூனிட்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள், அப்புறம் 'இன்சுலினே கேட்கலை டாக்டர்' என்பார்கள். எதிர்மாறாகப் போனால் மருந்து இரண்டரை மடங்கு ஏறி மயங்கிவிழ வேண்டியதுதான். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால், ஈர மணல் போட்ட மண்பானைக்குள் ஒரு சின்ன டப்பாவில் வைத்து மூடி, நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரைக்கடியில் வைத்த இன்சுலின் வெறும் தண்ணீர்தான்.

இந்த நாட்களில் கண்ணையும் பார்த்துவிடுங்கள். பல வருடம் ஏறிக்கிடந்த சுகரைச் சட்டென்று இறக்கும்போது விழித்திரையில் ஏற்கெனவே பழுது இருந்தால் தற்காலிகமாக அது மோசமாகக்கூடும். 1976-லிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு எங்கே போவது என்று நான் சொல்லத் தேவையில்லை. பல்லில் சொத்தை, ஈறில் சீழ், கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் எதுவாக இருந்தாலும் இப்போதே காட்டிச் சரிசெய்யுங்கள். பீடி இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், இதில் பேரம் கிடையாது.

'அதற்குள் அட்டாக் வந்தால்?' என்று கேட்டீர்களே, நியாயமான பயம்தான். எல்லோரையும் காத்திருக்கச் சொல்ல மாட்டோம். இடது பிரதானக் குழாயின் தொடக்கத்திலேயே பெரிய அடைப்பு, சும்மா படுத்திருக்கும்போதே நெஞ்சுவலி, அட்டாக் வந்து வலி அடங்கவில்லை என்கிற நிலைமைகளில் சராசரி 12 ஆக இருந்தாலும் ஆபரேஷன் நடக்கும், சுகரை உள்ளே வைத்தே சமாளிப்போம். அப்பாவை வீட்டுக்கு அனுப்பியதால் அவருக்கு அந்த அவசரம் இல்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் போன் போட்டு 'இடது பிரதானக் குழாயில் இருக்கா, காத்திருக்கலாமா?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இடையில் ஓய்வாக இருக்கும்போது நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத வியர்வை, படுத்தால் மூச்சுமுட்டல், இதில் எது வந்தாலும் தேதியைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் அட்டாக் வரும், வெறும் சோர்வாகவோ ஏப்பமாகவோ தெரியும். 'கேஸ்' என்று சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

அம்மா ஆபரேஷனுக்குள் சுகரைக் குறைத்தே தீருவேன் என்று ஒருவேளைச் சாப்பாடுதான். காலையில் ஒரு சொம்பு கேப்பைக்கூழ், மாலையில் சிறுகுறிஞ்சான் பொடி, பத்தாததற்கு விடிகாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி வேகநடை. சரிதானா?
(மதுரை, காமராஜர் சாலை)

வேகநடையை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இதயக் குழாயில் பெரிய அடைப்பு இருக்கிறவர்கள் சுகரைக் குறைப்பதற்கென்று வேகமாக நடக்கவே கூடாது. எவ்வளவு நடக்கலாம் என்று அவரைப் பார்க்கிற இதய டாக்டர் சொல்ல வேண்டும், வீட்டுக்குள் நிதானமாக நடமாடுவதோடு பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்.

கேப்பைக்கு வருவோம். இந்த ஒரு விஷயத்தில் நான் சொல்லி யாரும் கேட்டதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கேழ்வரகு நல்ல தானியம். ஆனால் மாவாக அரைத்து, கரைத்து, காய்ச்சி, கூழாக்கிக் குடித்தால் அது குடலில் சடசடவென்று செரித்து சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சொம்பு நிறையக் குடித்தால் கேட்கவே வேண்டாம். நம்பிக்கையில்லையா? நாளைக் காலை கூழ் குடிக்கும் முன் ஒருமுறை, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குத்திப் பாருங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் இரண்டு இட்லி, நிறையப் பருப்பு போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று கொடுத்துப் பாருங்கள். உங்கள் அம்மாவின் உடம்பு எதற்கு எவ்வளவு ஏறுகிறது என்று மெஷினே சொல்லிவிடும்.

குத்தும்போது ஒரு விஷயம். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் பழச்சாறும் ரத்தத்தோடு சேர்ந்து மெஷினில் ஏறி முன்னூறு, நானூறு என்று காட்டும். கழுவிவிட்டு மறுபடி குத்தினால் சாதாரணமாக இருக்கும். இந்தப் பொய் எண்ணைப் பார்த்துப் பதறிப்போய் கூடுதல் இன்சுலின் போட்டுவிடுகிறவர்கள் உண்டு, அதுதான் ஆபத்து.

ஒருவேளைச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். ஆபரேஷனுக்குப் பின் புண் ஆற உடம்பில் புரதம் இருக்க வேண்டும். பட்டினி கிடந்து சுகரை 120 ஆக்கிக்கொண்டு, ரத்தத்தில் புரதம் குறைந்து கால் வீங்கி வந்தால் ஒரு பிரச்சினையை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதைதான். மூன்று வேளையும் சாப்பிடட்டும், தட்டில் சோற்றைக் குறைத்துப் பொரியலை ஏற்றுங்கள், முட்டை, மீன், பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், மோர் எல்லாம் கொடுங்கள். இரவு பரோட்டாவும் சால்னாவும் மட்டும் ஆபரேஷன் முடிகிறவரை வேண்டாம் (முடிந்த பிறகும் வேண்டாம்தான், இப்போதைக்கு இதோடு விடுகிறேன்). மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் தாழ்சர்க்கரை வரும், அதுவும் அடைப்புள்ள இதயத்துக்கு ஆகாது. இதயத் துடிப்பைக் குறைக்கிற மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் படபடப்பே தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் தெரியும். உடம்பு குப்பென்று வியர்த்தால் உடனே குத்திப் பாருங்கள். எழுபதுக்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுக் கால்மணி நேரத்தில் மறுபடி பாருங்கள்.

சிறுகுறிஞ்சான் சுகரைக் கொஞ்சம் குறைக்கக்கூடியதுதான், அதனால்தான் சொல்கிறேன், மாத்திரை, இன்சுலினோடு சேர்த்து அதையும் போட்டால் எது எவ்வளவு குறைத்தது என்று யாருக்கும் தெரியாது. பொடி, லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, இவ்வளவு நாள் சாப்பிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடச் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை.

எனக்குச் சர்க்கரையே கிடையாது. பைபாஸ் முடிந்து கண் விழித்தால் சுகர் 240 என்று இன்சுலின் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்கிறார்களே, எனக்குச் சர்க்கரை நோயை வரவழைத்துவிட்டார்களா?
(செல்லூர்)

யாரும் வரவழைக்கவில்லை, ஐயா. நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை மெஷின் வழியாக ஓட்டி, உடம்பைக் குளிர்வித்துச் செய்கிற ஆபரேஷன் இது. உடம்பு சும்மா இருக்குமா? அட்ரினலின், கார்டிசால் எல்லாம் கொட்டும், கல்லீரல் இருப்பு வைத்திருந்த சர்க்கரையை அவிழ்த்துவிடும், குளிர்ந்த உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பிரஷர் நிற்க நாங்கள் ஏற்றுகிற மருந்துகளும் சுகரை ஏற்றும். இதனால் சர்க்கரையே இல்லாதவர்களுக்கும் 200-க்கு மேல் போவது சகஜம், அதைக் கவனிக்காமல் விட்டால் அவர்களுக்கும் அதே தொற்று ஆபத்து. ஐசியுவில் மணிக்கொருமுறை குத்திப் பார்த்து, சொட்டுச் சொட்டாக இன்சுலினைக் கூட்டிக் குறைத்து, சாப்பிட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவோம். இன்சுலின் பழக்கமாகிற மருந்து கிடையாது, கணையமே தினமும் சுரக்கிற சரக்குதான் அது.

ஆனால் ஒன்று. 'எனக்குச் சர்க்கரையே கிடையாது' என்பதைக் கடைசியாக எப்போது பரிசோதித்துப் பார்த்துச் சொன்னீர்கள்? நிறையப் பேருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து அட்மிட் ஆகும்போதுதான் சர்க்கரை இருப்பதே தெரிகிறது. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் மூன்று மாதச் சராசரி 6.5-க்கு மேல் இருந்தால் ஏற்கெனவே இருந்திருக்கிறது, 5.7-லிருந்து 6.4 வரை என்றால் வாசலில் நிற்கிறது. அப்போது எடுக்கவில்லை என்றால் இப்போது உடனே எடுத்துப் பிரயோஜனமில்லை. ஆபரேஷனில் அடுத்தவர் ரத்தம் ஏற்றியிருந்தால் அந்தச் சோதனை தப்பாகக் காட்டும். மூன்று மாதம் போகட்டும், அதுவரை வெறும் வயிற்றுச் சுகரை மட்டும் பாருங்கள், இரண்டுமுறை 126-ஐத் தொட்டால் சர்க்கரை டாக்டரைப் பாருங்கள்.

சுகர் மாத்திரைகளில் எதையெல்லாம் எப்போது நிறுத்த வேண்டும்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
(திருமங்கலம்)

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நீங்களாக எதையும் தொடரவும் செய்யாதீர்கள். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரை அட்டையையும் மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு மயக்க டாக்டரைப் பாருங்கள். சீட்டு போதாது, அட்டையே வேண்டும். ஏனென்றால் அதில்தான் ஒரு வில்லன் ஒளிந்திருப்பான்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று முடிகிற வகை. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறவை, இதயத்துக்கு நல்லது என்று இன்று இதய டாக்டர்களே எழுதுகிறார்கள், சர்க்கரை இல்லாத இதய பலவீனக்காரர்களுக்கும்கூட. நல்ல மருந்துதான். ஆனால் இதைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்து ஆபரேஷனுக்குப் போனால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். கீட்டோ அசிடோசிஸ் என்போம். வழக்கமாக அது வந்தால் சுகர் ஐநூறு அறுநூறு என்று கத்தும். இந்த மாத்திரையில் வருகிறபோது சுகர் 180, 200 என்று சாதுவாக இருக்கும், அதனால் சந்தேகமே வராது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-லேயே இவற்றை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு நிறுத்தச் சொல்லிவிட்டது. மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது, அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தில்தான் பெயர் இருக்கும்.

மற்றவை அவ்வளவு சிக்கலில்லை. கிளிமெபிரைடு மாதிரி கணையத்தைத் தட்டி எழுப்புகிற மாத்திரையும் மெட்ஃபார்மினும் ஆபரேஷன் அன்று காலை வேண்டாம். கிட்னி சரியில்லாதவர்களுக்கு மெட்ஃபார்மினை முன்கூட்டியே நிறுத்துவோம். நீண்ட நேரம் வேலை செய்கிற இரவு இன்சுலினை முழுதாக விட்டுவிடக் கூடாது, முந்தின இரவு முக்கால்வாசி, எண்பது சதவீதம் என்று குறைத்துப் போடச் சொல்வோம். 'நாளைக்குச் சாப்பிடப் போறதில்லையே' என்று மொத்தமாக விட்டுவிட்டுக் காலையில் 350-ஓடு வந்து நிற்பதும், அன்றைய ஆபரேஷன் ரத்தாவதும் வாடிக்கை.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சுகரை 100-க்குள் வைக்க வேண்டும் என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னேன். '180 வரை இருக்கட்டும் சார்' என்கிறார். அலட்சியமா?
(திருப்பரங்குன்றம்)

சார், உங்களைப் போலத்தான் உலகம் முழுக்க டாக்டர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், பெரும்பாலும் இதய ஆபரேஷன் முடிந்து ஐசியுவில் இருந்த 1,548 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சுகரை 80-லிருந்து 110-க்குள் இறுக்கிப் பிடித்தால் ஐசியு மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைகிறது என்று வந்தது. எல்லா ஐசியுவிலும் இறுக்கினார்கள். எட்டு வருடம் கழித்து 2009-ல் நைஸ்-சுகர் என்று இன்னும் பெரிய ஆய்வு, 6,104 பேர், எல்லாவித ஐசியு நோயாளிகளும். அதில் இறுக்கிப் பிடித்த பக்கம் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள், 180-க்குள் விட்ட பக்கம் 24.9. கடுமையான தாழ்சர்க்கரை இறுக்கிய பக்கம் 6.8 சதவீதம், மறுபக்கம் 0.5.

மயக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சுகர் நாற்பதுக்கு இறங்கினால் 'டாக்டர், தலை சுத்துது' என்று சொல்ல முடியாது. மூளை சர்க்கரையை நம்பித்தான் ஓடுகிறது. அதனால் 180-ஐத் தாண்டவும் விடாமல், 100-க்குக் கீழே இறங்கவும் விடாமல், 140, 150 என்று நடுவில் ஓட்டுகிறோம். உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அடித்துச் சொல்வதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு பைபாஸே வேண்டாம், ஸ்டென்ட் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார் மச்சான்.
(மேலூர்)

மச்சான் பாதி சரி. ஸ்டென்ட்டில் நெஞ்சைத் திறக்கிற வேலை இல்லை, புண் பயமும் இல்லை. ஆனால் சர்க்கரையும் இருந்து, பல குழாய்களில் அடைப்பும் இருந்தால் பைபாஸ்தான் நீண்டகாலத்துக்கு நல்லது என்று 2012-ல் வந்த ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. 1,900 சர்க்கரை நோயாளிகள். ஐந்து வருடத்தில் மரணம், அட்டாக், பக்கவாதம் மூன்றும் சேர்த்து ஸ்டென்ட் பக்கம் 26.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 18.7. பக்கவாதம் மட்டும் தனியாகப் பார்த்தால் பைபாஸில் கொஞ்சம் கூடுதல். ஒரே ஒரு குழாயில் அடைப்பு என்றால் கதை வேறு. உங்கள் ஆஞ்சியோ சிடியை இன்னொரு இதய டாக்டரிடம் காட்டிக் கேட்பதில் தப்பில்லை, மச்சானிடம் காட்டுவதைவிட அது மேல்.

மாமனாருக்கு பைபாஸ் முடிந்து பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். சுகர் 220, 240 என்றே இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பழமும் சத்துமாவும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நெஞ்சுத் தையலில் கீழ்ப்பக்கம் லேசாக ஈரம் கசிகிறது. அடுத்த வாரம் ரிவ்யூ, அதுவரை பொறுக்கலாமா?
(ஒரு மருமகள், வாடிப்பட்டி)

பொறுக்க வேண்டாம் அம்மா, நாளைக்கே கூட்டிப் போங்கள். நெஞ்செலும்புத் தொற்று பெரும்பாலும் ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு, இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் தலைகாட்டும். ஈரம் வெறும் நீராக இருந்தால் ஒரு டிரஸ்ஸிங்கோடு போய்விடும், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது ஆபரேஷன் செய்த டாக்டர். சீழாகக் கசிவது, குளிரோடு காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவந்து சூடாவது, இருமும்போது நெஞ்செலும்பு 'டக் டக்' என்று அசைவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நாளைக்கூட வேண்டாம், இன்றிரவே போய்விடுங்கள். பைபாஸுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்தத் தையலையும் பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரைக்காரர்களுக்கு அங்கேயும் புண் நிற்கும். இருமும்போது நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், எலும்புக்கு அது நல்லது.

சுகர் 240 என்பது இந்த நேரத்தில் அதிகம்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த அளவு அரைச் சாப்பாட்டுக்கு எழுதியது. வீட்டுக்கு வந்து பசி திரும்பியதும் அளவும் மாற வேண்டும். காலை, மதியம், இரவு எடுத்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அதைப் பார்த்துத்தான் அளவை மாற்றுவார்கள். சத்துமாவுக் கஞ்சியை நிறுத்திவிடுங்கள், பழத்தில் கொய்யாவோ பாதி ஆப்பிளோ போதும். மிச்சத்தைப் பார்க்க வந்தவர்களிடமே நறுக்கிக் கொடுத்துவிடுங்கள்.

தையலில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவலாமா?
(மாட்டுத்தாவணி)

வேண்டாம். டாக்டர் குளிக்கலாம் என்று சொன்ன பிறகு சாதா சோப்பும் தண்ணீரும், அப்புறம் சுத்தமான துண்டால் ஒற்றி எடுப்பது. அவ்வளவுதான்.